ஒரு சிப்பாய் கூட இருந்தும் ட்ரோவா? மகளிர் தேசியச் சம்பியன்ஷிப் கடைசிச் சுற்று

கேள்வி: தெகிவளை வாசகர், டிசம்பர் 7, மாலை 6.40

கொழும்பில நடந்த மகளிர் தேசியச் சம்பியன்ஷிப், கடைசிச் சுற்று, முதலாம் மேசை. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அதிகம், அதுவும் ஆறாம் வரிசையில நிக்குது. கறுப்பு விளையாடின பிள்ளை காயைத் தொடாமலே நடுவரைக் கூப்பிட்டு ட்ரோ எண்டு சொல்லிச்சுது. நடுவரும் கொஞ்ச நேரம் பேப்பரைப் பார்த்துப்போட்டு ஓம் எண்டிட்டார். மூவே வைக்காமல் எப்படி ட்ரோ? வெண்டுகொண்டிருந்த ஆளிட்ட இருந்து பறிச்ச மாதிரித்தானே இது? பொம்பிளையளின்ர ஆட்டத்தில போராட்டக் குணம் இல்லை எண்டு ஆக்கள் சும்மா சொல்லேல்லை.

டிசம்பர் 7, இரவு 10.15

அந்த ஹோலில நானும் இருந்தன். பின்வரிசைக் கதிரை, ஏசிக் காத்து நேரே கழுத்தில. முதல்ல விதியைச் சொல்லுறன், கோவம் நாளைக்கு.

மூவ் வைக்காமல்தான் கேக்க வேணும். பலகையில ஒரே நிலை மூண்டாம் தரம் வந்தால் ட்ரோ கேக்கலாம். அப்படி வரப்போகுது எண்டால், தான் வைக்கப்போற மூவை ஸ்கோர் ஷீட்டில எழுதிப்போட்டு, மணிக்கூட்டை நிப்பாட்டி, நடுவரிட்டச் சொல்ல வேணும். காயைத் தொட்டால் அந்த மூவுக்குக் கேக்கிற உரிமை போச்சு. கையில ரூக்கை, அதுதான் கோட்டைக் காயை, தூக்கி வச்சுப்போட்டு "இது மூண்டாம் தரம்" எண்டு சொன்னால் நடுவர் சிரிச்சுப்போட்டுப் போயிடுவார். அந்தப் பிள்ளை பேனையை எடுத்தா, எழுதினா, நிப்பாட்டினா, கையைத் தூக்கினா. ஒழுங்கு பிசகேல்லை.

நடுவர் கொஞ்ச நேரம் பார்த்தது பேப்பரை மட்டுமில்லை. ரெண்டு பேரின்ர ஷீட்டையும் எடுத்துக்கொண்டு போய் பக்கத்து மேசையில காய் அடுக்கி, மூவ் மூவாய் வச்சுப் பார்த்தார். ரெண்டு விளையாட்டுக்காரரும் பக்கத்தில நிண்டினம். நீங்கள் அப்ப தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பியள் போல.

டிசம்பர் 7, இரவு 10.50

படுக்க முதல் ஒண்டு. இப்படிக் கேக்கிறதை ட்ரோவுக்கு அழைக்கிறதாயும் விதி எடுத்துக்கொள்ளும். அதாவது வெள்ளை அந்த இடத்திலேயே "சரி" எண்டு கை குடுத்திருக்கலாம். அவ குடுக்கேல்லை, "பாருங்கோ" எண்டா. எனக்கு அப்ப அது பிடிக்கேல்லை. அஞ்சு மணித்தியாலம் கிட்டத்தட்ட விளையாடின பிள்ளையை நம்பக்கூடாதா எண்டு தோணிச்சுது.

டிசம்பர் 8, காலை 7.30

பஸ்ஸில இருந்து எழுதுறன், 100ஆம் இலக்கம், பம்பலப்பிட்டிச் சந்தியில அசையாமல் நிக்குது.

போராட்டக் குணம் எண்டு எழுதினீங்களே. கணக்குப் பாருங்கோ. ஒராளுக்கு 90 நிமிசம், அதோட ஒவ்வொரு மூவுக்கும் 30 செக்கன். ஆட்டம் 112 மூவ் போனது. 112 மூவுக்கு 56 நிமிசம் கூடும்; ஒராளுக்கு 146 நிமிசம், ரெண்டு பேருக்கும் 292. கடைசியில ரெண்டு பேரிட்டையும் ஒரு நிமிசம்கூட இருக்கேல்லை. ஆக நாலே முக்கால் மணித்தியாலத்துக்கும் மேல கதிரையில. அதில கடைசி எழுபத்திச் சொச்ச மூவ் ரூக் முடிவாட்டம், அதாவது ராஜாவும் ரூக்கும் சிப்பாயும் மட்டும் மிஞ்சின கட்டம். போராட்டம் காணாது எண்டுறவர் ஒருக்கா அப்படி இருந்து பார்க்கட்டும், நான் மணி அடிக்கிறன்.

டிசம்பர் 8, பகல் 1.05

ஒராள் மொரட்டுவையிலயிருந்து கேட்டிருக்கிறார்: "அதே நிலை அடுத்தடுத்து வரேல்லையே, ராஜா வேற வேற பக்கம் போனதே, பிறகென்ன மூண்டு தரம்?"

அடுத்தடுத்து வரவேண்டியதில்லை. இடையில என்ன நடந்தாலும், அதே காய்கள் அதே கட்டங்களில, அதே ஆள் மூவ் வைக்க இருக்க வேணும், வைக்கக்கூடிய மூவுகளும் அதேயாய் இருக்க வேணும். அவ்வளவுதான். வெள்ளை இதிலதான் ஏமாந்தா எண்டு நினைக்கிறன். ஒரு தரம் இடப்பக்கம் போய் வந்தா, மற்றத் தரம் வலப்பக்கம் சுத்தி வந்தா. புதுசாய் ஏதோ செய்யிற மாதிரி அவக்கு இருந்திருக்கும். பலகைக்குத் தான் வந்த வழி தெரியாது.

என்ர ஷீட்டில (எனக்கு மற்றாக்களின்ர ஆட்டத்தை எழுதிற வருத்தம் இருக்கு) கடைசிப் பகுதி இப்படி (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை). 105ஆவது மூவுக்கு முதல் வெள்ளை ராஜா டி5, ரூக் ஏ7, சிப்பாய் ஈ5. கறுப்பு ராஜா ஈ8, ரூக் பி6.

105: சிப்பாய் ஈ6, கறுப்பு ரூக் பி1.
106: ராஜா டி6, ரூக் டி1 செக். (ஒண்டு)
107: ராஜா சி6, ரூக் சி1 செக்.
108: ராஜா டி6, ரூக் டி1 செக். (ரெண்டு)
109: ராஜா ஈ5, ரூக் ஈ1 செக்.
110: ராஜா எஃப்6, ரூக் எஃப்1 செக்.
111: ராஜா ஈ5, ரூக் ஈ1 செக்.
112: ராஜா டி6. இங்க பிள்ளை "ரூக் டி1" எண்டு எழுதி நிப்பாட்டினா. (மூண்டு)

அடுக்கிப் பாருங்கோ, சரிவரும்.

டிசம்பர் 8, இரவு 9.40

தெகிவளை அண்ணை திரும்ப வந்திருக்கிறார். "சரி, விதி சரி. ஆனால் சிப்பாயோட நிண்ட ஆள் வெல்லத்தானே வேணும், எங்கயோ விட்டிட்டா" எண்டுறார். சில பேர் கம்ப்யூட்டர் காட்டின எண்ணையும் கொண்டுவந்து போட்டிருக்கினம்: 45ஆம் மூவில வெள்ளைக்கு ஒண்டரைச் சிப்பாய் அளவு மேலாம்.

ரூக் முடிவாட்டத்தில அந்த எண்ணை வச்சுத் தீர்ப்புச் சொல்லாதேங்கோ. 45ஆம் மூவில பலகையில இருந்தது வெள்ளைக்கு ரூக்கும் ஈ, எஃப், ஜீ, எச் சிப்பாய் நாலும். கறுப்புக்கு ரூக்கும் எஃப், ஜீ, எச் மூண்டும். ராஜா ரெண்டோட சேர்த்து 11 காய். முழுசாய்க் கணக்குப் போட்டு முடிச்ச அட்டவணைகள் 7 காய் வரைக்கும்தான் இருக்கு. 11 காய்க்கு கம்ப்யூட்டர் சொல்லுறது ஒரு மதிப்பீடு.

ஆனால் ஆக்கள் நூறு வருசமாய் இந்த நாலுக்கு மூண்டை விளையாடி ஒண்டைக் கண்டுபிடிச்சு வச்சிருக்கினம்: எல்லாச் சிப்பாயும் ஒரே பக்கம் எண்டால், காக்கிறவர் சரியாய் நிண்டால் பொதுவாய் ட்ரோ. சரியாய் எண்டால் எச்-சிப்பாயை எச்5க்கு வெள்ளெனவே தள்ளி, ஜீ6, எஃப்7 எண்டு கட்டி வைக்கிறது. வெள்ளை ஜீ4 தள்ளிச் சுகமாய் இடம் பிடிக்கேலாது, தள்ளினால் சிப்பாய் மாறும், மாற மாற ட்ரோ கிட்ட வரும். அந்தப் பிள்ளை 39ஆம் மூவிலயே எச்5 தள்ளினா. எனக்குப் பக்கத்தில இருந்த பயிற்சியாளர் ஒராள் அப்பவே எழும்பித் தேத்தண்ணிக்குப் போனவர். எனக்கு அது ஒரு தகவல்.

காக்கிறது லேசு எண்டு நினைக்கக்கூடாது. 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில, முன்னம் உலகச் சம்பியனாய் இருந்த கப்பபிளாங்காவிட்ட யேட்ஸ் இதே நாலுக்கு மூண்டில தோத்தவர். 1956 மொஸ்கோவில பொட்வினிக்கிட்ட நைடோர்ஃப் தோத்தவர். நைடோர்ஃப் எண்டால் சும்மா ஆளில்லை, சிசிலியன் எண்ட தொடக்க ஆட்டத்தில ஒரு வகையே அவரின்ர பேரில இருக்கு. அவர் தோத்த வகை முடிவாட்டத்தை ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பிள்ளை பிடிச்சு வச்சிருக்கிறா. நீங்கள் "வெள்ளை விட்டிட்டா" எண்டுறியள். கறுப்பு விடேல்லை எண்டு ஏன் ஒருத்தரும் எழுதுறியளில்லை?

டிசம்பர் 8, இரவு 9.55

மேல எழுதினதில சூடு கொஞ்சம் கூடிப்போச்சு. இருக்கட்டும், அழிக்கேல்லை.

டிசம்பர் 9, மாலை 5.20

கனடாவிலயிருந்து எழுதிற அண்ணைக்கு: ஓம், கடைசி நிலை பிலிடோர் நிலைதான். 1777இல பிலிடோர் எழுதி வச்சது. பாரிஸில ஒபெரா இசையமைச்ச மனுசன், சதுரங்கம் அவருக்கு மற்றத் தொழில்.

சின்னாக்களுக்கு நான் சொல்லிக் குடுக்கிறது இப்படி. காக்கிறவரின்ர ராஜா சிப்பாய்க்கு முன்னால நிக்க வேணும். ரூக், காக்கிறவர் பக்கமிருந்து எண்ணினால் மூண்டாம் வரிசையில. வெள்ளை ராஜா அந்த வரிசைக்குள்ள வரேலாது. எங்கட ஒழுங்கைக் கோடியில கடற்கரை ரயிலுக்குக் கேற் போட்ட மாதிரி. கறுப்பு ரூக் அந்த வரிசையிலேயே இங்காலயும் அங்காலயும் நடந்துகொண்டிருக்கலாம், ஒண்டும் அவசரமில்லை. வெள்ளை அந்த வரிசைக்குச் சிப்பாயைத் தள்ளினவுடன மட்டும் ரூக் ஒரே பாய்ச்சலாய்க் கடைசி வரிசைக்குப் போய்ப் பின்னாலயிருந்து செக் குடுக்க வேணும். சிப்பாய் முன்னுக்குப் போனதால வெள்ளை ராஜா ஒளிக்கிறதுக்கு இருந்த இடம் இல்லாமல் போச்சு. செக்குக்குப் பயந்து தூரப் போனால் சிப்பாய் தனிச்சு நிக்கும்.

முக்கியம் அந்தப் பாய்ச்சலின்ர நேரம். ஒரு மூவ் பிந்தினால் டி6இல ராஜா, ஏ8இல ரூக், மேற், ஆட்டம் முடிஞ்சுது. 105இல பிள்ளை பி1க்குப் போக எடுத்தது ஒரு சில செக்கன். அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தன்.

டிசம்பர் 9, இரவு 8.30

"வெள்ளை ஏன் ஈ6 தள்ளினவ? தள்ளாமல் விட்டிருந்தால்?" எண்டு மொரட்டுவை திரும்ப.

முதல்ல நானும் அவசரப்பட்டிட்டா எண்டுதான் நினைச்சன். வீட்டை வந்து ஷீட்டை எண்ணினால் வேற கதை. ஈ-சிப்பாய் ஈ5க்கு வந்தது 62ஆம் மூவில, அதுதான் கடைசியாய் நடந்த சிப்பாய் மூவ். அதுக்குப் பிறகு ஒரு காயும் வெட்டுப்படேல்லை. 105இல 43 மூவ் ஆகுது. 50 ஆனால் கறுப்பு அதைச் சொல்லியே ட்ரோ கேக்கலாம். சிப்பாயைத் தள்ளினால் எண்ணிக்கை திரும்ப முதல்ல இருந்து. அவ அதை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறா. 43 மூவாய் ரூக்கை ஏ7, எச்7, திரும்ப ஏ7 எண்டு கொண்டுதிரிஞ்சு, பிள்ளை எங்கயாவது தடுக்கி விழுவாளோ எண்டு பார்த்து, விழாததால கடைசித் துருப்பைப் போட்டிருக்கிறா. அதில பிழை சொல்ல ஒண்டுமில்லை. வெள்ளைக்கு வெற்றி வேணும், ட்ரோ காணாது. வேற வழி?

இதை யோசிச்ச பிறகு அவ "பாருங்கோ" எண்டு சொன்னதும் எனக்கு வேற மாதிரித் தெரியுது. முதல் நாள் அதை முகத்தில அடிச்ச மாதிரி எடுத்தன். அவ கேட்டது தன்ர உரிமை. பிள்ளையின்ர எண்ணிக்கை பிழைச்சிருந்தால் வெள்ளைக்கு ரெண்டு நிமிசம் கூடக் கிடைச்சிருக்கும், ஆட்டமும் நடந்திருக்கும். 30 செக்கனில சீவிக்கிற ஆளுக்கு ரெண்டு நிமிசம் எண்டால் என்னெண்டு தெரியுமோ? கை குடுத்து நல்ல பேர் வாங்குறதுக்கு அவ அங்க வரேல்லை.

டிசம்பர் 9, இரவு 8.45

மற்றது, கேட்டது பிழைச்சிருந்தாலும் பிள்ளைக்கு பலகையில நட்டமில்லை. எழுதின மூவைக் கட்டாயம் வைக்க வேணும், அதுதான் தண்டனை. ஆனால் எழுதினது ரூக் டி1. அது எப்படியும் வைக்கப்போற மூவ்தானே. கெட்டிக்காரி.

டிசம்பர் 10, பகல் 12.10

"அப்ப சும்மா செக் குடுத்துக்கொண்டே இருந்திருக்கலாமே, நிலை அஞ்சு தரம் வந்தால் நடுவரே நிப்பாட்டுவார் எல்லோ?" ஓம், அஞ்சு தரம் எண்டால் ஒருத்தரும் கேக்காமலே ட்ரோ. சிப்பாய் நகராமல், காய் ஒண்டும் வெட்டுப்படாமல் 75 மூவ் போனாலும் அப்படித்தான். ஆனால் அஞ்சாம் மணித்தியாலம் கிட்டுது, கை நடுங்குது, அரை நிமிசத்தில மூவ் வச்சு அதை எழுதவும் வேணும். 30 செக்கன் கூடுற ஆட்டத்தில, கடைசி அஞ்சு நிமிசத்துக்கு வந்திட்டன் எண்டு எழுதாமல் விடேலாது. ஒரு தரம் டி1க்குப் பதிலாய் சி1இல விரல் பட்டால் எல்லாம் முடிஞ்சுது. முடிக்கக்கூடிய இடத்தில முடிக்கிறதும் விளையாட்டுத்தான்.

எழுத்தைப் பற்றி இன்னும் ஒண்டு. அந்த ஷீட்டில 60 மூவுக்குத்தான் இடம். பிள்ளை 61ஆம் மூவுக்கு ரெண்டாவது ஷீட் கேட்டு வாங்கி, மேல 61 எண்டு போட்டு, வடிவாய்த் தொடங்கினவ. நடுவர் வச்சுப் பார்க்கேக்க அவவின்ர ஷீட்டிலதான் பார்த்தார் எண்டு நினைக்கிறன், மற்றதில ரெண்டு மூண்டு வரி ஒண்டுக்கு மேல ஒண்டாய் இருந்ததாம். மனசில எண்ணி வச்சிருந்து ஒண்டும் செய்யேலாது, பேப்பர் காட்ட வேணும்.

என்ர பள்ளிக்கூட நாளில எங்களுக்கு ஷீட் எல்லாம் இல்லை. சீ.ஆர். கொப்பியில கோடு போட்டு எழுதுவம். பயிற்சிக்கு வந்த சேர் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார், கொப்பியைத்தான் பார்ப்பார். வெண்டாலும் எழுத்து விடுபட்டிருந்தால் ஏச்சு. அப்ப எரிச்சலாய் இருக்கும்.

டிசம்பர் 10, இரவு 11.00

நித்திரை வரேல்லை. "போராட்டக் குணம்" எண்ட சொல்லு இன்னும் குத்துது.

1929இல கார்ல்ஸ்பாட்டில பெரிய போட்டி, அதில ஒரேயொரு பொம்பிளை, வீரா மென்சிக். 1927இல முதலாவது மகளிர் உலகச் சம்பியன் ஆனவ. அல்பேர்ட் பெக்கர் எண்ட மாஸ்டர் பகிடி விட்டார்: இவவிட்டத் தோக்கிறவரை எல்லாம் சேர்த்து "வீரா மென்சிக் கழகம்" எண்டு ஒண்டு தொடங்குவம். முதல் உறுப்பினர் ஆர் எண்டு நினைக்கிறியள்? பெக்கரேதான். பிறகு அந்தக் கழகத்தில சேர்ந்தவையில மக்ஸ் யூவே, ரெஷெவ்ஸ்கி, எங்கட பக்கத்து ஆள் சுல்தான் கான் எல்லாரும் இருக்கினம். 1944இல லண்டனில குண்டு விழுந்து தாய், தங்கச்சியோட செத்துப்போனா. சாகேக்கயும் உலகச் சம்பியன்.

சுல்தான் கான் எண்டவுடன இன்னொண்டு. பஞ்சாபிலயிருந்து ஒரு பிரபுவோட இங்கிலாந்துக்குப் போன வேலைக்காரர் அவர். 1929, 1932, 1933 எண்டு மூண்டு தரம் பிரித்தானியச் சம்பியன். அதை எல்லாரும் சொல்லுவினம். அதே வீட்டில வேலை செய்த ஃபாத்திமா எண்ட பொம்பிளைப்பிள்ளை 1933இல பிரித்தானிய மகளிர் சம்பியன் ஆனதை எத்தினை பேர் சொல்லுவினம்? ஒரே வருசம், ஒரே வீடு, ரெண்டு கிண்ணம். சுல்தான் கானைப் பற்றி மணிக்கணக்காய்க் கதைக்கிற சதுரங்க மாமாமாரை எனக்குத் தெரியும். ஃபாத்திமாவின்ர பேரை எடுத்தால் "ஆ, அப்படியோ" எண்டுவினம்.

டிசம்பர் 11, காலை 6.50

யூவே பற்றி இரவு எழுத விட்டது. மென்சிக்கிட்டத் தோத்த யூவே 1935இல உலகச் சம்பியன் ஆனவர், பிறகு உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின்ர தலைவர். 1976இல இந்தியாவில ரோகிணி காதில்கர் ஆம்பிளையளின்ர தேசியச் சம்பியன்ஷிப்பில விளையாடினவ, முதல் பொம்பிளை அவதான். பெரிய சத்தம், கோட்டு வரைக்கும் போனது. பொம்பிளையளை தேசிய, சர்வதேசச் சம்பியன்ஷிப்புகளில இருந்து மறிக்கேலாது எண்டு தீர்ப்புச் சொன்ன தலைவர் ஆர் தெரியுமோ, இதே யூவே. கழகத்து உறுப்பினருக்கு விசயம் விளங்கியிருக்கு.

ரோகிணியின்ர அக்கா வாசந்தி 1974இல இந்தியாவின்ர முதலாவது மகளிர் தேசியச் சம்பியன். இடையில ஜெயஸ்ரீ. மூண்டு சகோதரிமார், மூண்டு பேரும் தேசியச் சம்பியன்மார்.

டிசம்பர் 11, பகல் 1.30

தெகிவளை அண்ணை: "அப்ப மகளிருக்கெண்டு தனிப் போட்டி எதுக்கு, எல்லாரும் ஒண்டாய் விளையாடலாமே?"

இதுக்கு என்னட்ட ஒரு பதில் இல்லை, ரெண்டு இருக்கு, ரெண்டும் சண்டை பிடிக்குது. யூடிட் போல்கார் மகளிர் பட்டத்துக்கு விளையாடவே இல்லை. 1991இல 15 வயசில கிராண்ட்மாஸ்டர், பொபி ஃபிஷரின்ர சாதனையை முறிச்சவ. அந்த வழி இருக்கு. ஆனால் நோனா கப்ரிந்தாஷ்விலி 1962இல இருந்து 1978 வரைக்கும் மகளிர் உலகச் சம்பியனாய் இருந்தவ, அதே 1978இல கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கின முதல் பொம்பிளையும் அவதான். தனிப் போட்டியில வளர்ந்துதான் அங்க போனவ. சென்னையில விஜயலக்ஷ்மி சுப்பராமன் 2001இல இந்தியாவின்ர முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனா. அதுக்குப் பிறகு அதே ஊரில வைஷாலி கிராண்ட்மாஸ்டராகி, தம்பி பிரக்ஞானந்தாவோட சேர்ந்து உலகத்தில முதல் அக்கா-தம்பிச் சோடியாய் நிக்கிறா. இங்க எங்கட சச்சினி ரணசிங்க மகளிர் சர்வதேச மாஸ்டர்.

கொழும்புக் கதை வேற மாதிரி. ஒரு பொதுப் போட்டிக்குப் போனால் நூறு பெடியளுக்கு நடுவில பத்துப் பிள்ளையள். தாய்மார் வாசலில நிண்டு பார்த்துப்போட்டு "அடுத்த வருசம் பார்ப்பம்" எண்டு கூட்டிக்கொண்டு போயிடுவினம். மகளிர் போட்டி எண்டால் விட்டிட்டுப் போவினம். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குத் தனிப் போட்டி வேணும். அது மட்டும் காணுமோ எண்டால், காணாது.

டிசம்பர் 11, இரவு 10.20

என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறீங்கள், ஏன் விட்டன் எண்டு. பெரிய கதை இல்லை. ஏ.எல். வந்துது. டியூசன் சனி, ஞாயிறு முழுக்க. போட்டியும் சனி, ஞாயிறு. சின்னம்மா ஒருநாள் சொன்னா, "உந்தப் பலகையை ஆர் கலியாணம் கட்டுறது" எண்டு. எல்லாரும் சிரிச்சினம், நானும் சிரிச்சன். பலகை அலுமாரிக்கு மேல போச்சு. ஒருத்தரும் மறிக்கேல்லை, அதுதான் விசயம். மறிச்சிருந்தால் சண்டை பிடிச்சிருப்பன்.

திரும்ப எடுத்தது 2022இல. பெற்றோல் வரிசை, கரண்ட் வெட்டு, ஒரு இடமும் போகேலாது. அப்பதான் மாமல்லபுரத்தில ஒலிம்பியாட், ஜூலை 28 தொடக்கம் ஆகஸ்ட் 10 வரைக்கும். எங்கட அணியும் போனது. வெள்ளவத்தையில கரண்ட் இல்லாத நேரம் போனை அணைச்சு அணைச்சு சார்ஜ் மிச்சம் பிடிச்சுப் பார்த்தன். ஹரிகா துரோணவல்லி ஒன்பதாம் மாதத்து வயித்தோட வந்து இந்தியாவுக்கு விளையாடினவ, அவையளுக்கு வெண்கலம். போராட்டக் குணம் பற்றிக் கேள்வி கேட்ட அண்ணை இதை வாசிக்கிறாரோ தெரியாது.

அதுக்குப் பிறகுதான் எங்கட மாடியில சனி பின்னேரம் சின்னாக்களுக்குச் சொல்லிக் குடுக்கத் தொடங்கினது. இப்ப சின்னம்மாவின்ர பேத்தியும் வாறா. சின்னம்மாவேதான் கூட்டிக்கொண்டு வாறது, வாசலில இருந்து போனில நாடகம் பார்ப்பா.

டிசம்பர் 12, பகல் 12.40

ஆட்டம் முடிஞ்ச பிறகு நடந்தது ஒருத்தரும் எழுதேல்லை. நடுவர் ஓம் எண்டவுடன வெள்ளை கை குடுத்தா, முகம் கல்லு. ஒரு நிமிசம் அப்படியே இருந்தா. பிறகு காயெல்லாம் எடுத்து 62ஆம் மூவ் நிலையை அடுக்கினா. ரெண்டு பேரும் பார்க்கத் தொடங்கிச்சினம், அவ சிங்களத்தில, பிள்ளை அரைச் சிங்களத்தில, மிச்சம் விரலால. "இதுக்கு இது?" "நே, நே, இது." வெள்ளை ஒரு நேரம் சிரிச்சா. பிள்ளையின்ர தாய் பின்னுக்கு நிண்டு பையைத் தோளில போடுறதும் இறக்குறதுமாய் இருந்தா. வெளியூர்க்காரர், கோட்டையில இரவு பஸ் பிடிக்க வேணும். பிள்ளை "அம்மா, ரெண்டு நிமிசம்" எண்டு சொல்லிச் சொல்லி அரை மணித்தியாலம் எடுத்தா.

தாயிட்டக் கதைச்சன். "என்ன நடந்தது பிள்ளை, எங்கட ஆள் வெண்டதோ தோத்ததோ?" எண்டு கேட்டா. ட்ரோ எண்டன். "அப்ப ஏன் இவ்வளவு சந்தோசம்" எண்டா. என்னத்தைச் சொல்ல? வடை ஒண்டு குடுத்தா, சாப்பிட்டன்.

டிசம்பர் 12, இரவு 9.15

சின்னச் சின்னக் கேள்விகளுக்கு ஒரேயடியாய்:

பார்த்துக்கொண்டிருந்தவை "மூண்டாம் தரம்" எண்டு பிள்ளைக்குச் சொல்லேலாதோ? சொல்லக்கூடாது. சைகையும் கூடாது. நான் 112இல என்ர ஷீட்டைக் குப்புற வச்சன், கை தன்பாட்டில எழும்பிடும் எண்டு.

ரூக்கும் சிப்பாயும் ரூக்குக்கு எதிராய் எப்பவுமே ட்ரோவோ? இல்லவே இல்லை. காக்கிறவரின்ர ராஜா சிப்பாய்க்கு முன்னால வரேலாமல் மறிபட்டு நிண்டால் பெரும்பாலும் தோல்விதான். லூசேனா நிலை எண்டு தேடிப் பாருங்கோ. லூசேனா 1497இல புத்தகம் எழுதினவர், ஆனால் அந்த நிலை அவரின்ர புத்தகத்தில இல்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிக்குது.

தன்ர ராஜா நிக்கிற பின்வரிசையில ரூக்கை வச்சுச் சும்மா இருந்தும் காக்கலாமோ? ஏ, பி, ஜீ, எச் சிப்பாய்க்குச் சரிவரும். நடுச் சிப்பாய்க்குச் சரிவராது. இங்க ஈ-சிப்பாய், அதால மூண்டாம் வரிசைதான் வழி. பிள்ளைக்கு அது தெரிஞ்சிருக்கு.

டிசம்பர் 13, காலை 8.00

தெகிவளை அண்ணை நாலாம் தரம்: "என்ன சொன்னாலும் 105க்கு முதல் ஒரு வழி இருந்திருக்கும். நான் எண்டால் ரூக்கை எச்7இல வச்சுக்கொண்டு ராஜாவைச் சுத்திக் கொண்டுவந்திருப்பன்."

ரெண்டு ராஜா, ரெண்டு ரூக், ஒரு சிப்பாய். அஞ்சு காய். இது அட்டவணையில இருக்கு, அண்ணை. 105க்கு முதல் நிலையைப் போட்டுப் பாருங்கோ, ட்ரோ எண்டுதான் வரும், ரூக் ஏ7இல நிண்டாலும் எச்7இல நிண்டாலும்.

டிசம்பர் 13, காலை 8.25

அட்டவணையில நம்பிக்கை இல்லையோ? நல்லது. சனி பின்னேரம் சின்னாக்கள் போன பிறகு வாங்கோ. வெள்ளையை நீங்கள் எடுங்கோ, ராஜா டி5, ரூக் எங்க விருப்பமோ அங்க, சிப்பாய் ஈ5. நான் கறுப்பு. ஒராளுக்கு பத்து நிமிசம், மூவுக்கு 30 செக்கன், ஷீட்டில எழுதி. தோக்கிறவர் மாலு பண் (மீன் பணிஸ்) வாங்க வேணும், ட்ரோ எண்டால் நீங்கள் வாங்க வேணும்.

டிசம்பர் 13, மாலை 4.10

ஞாயிறு எண்டாலும் சரி. மணிக்கூடு என்னட்ட இருக்கு, பேனை நீங்கள் கொண்டுவாங்கோ.